புதுச்சேரியில் கொரிய மந்து சாப்பிடப் போகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழுக்கட்டையைப் போலவே கொரிய மந்துவும் உள்ளிருப்பது வெளியே தெரியாத பண்டம். நம் வீடுகளில் தேங்காய்ப் பூரணத்துக்கு உருண்டை வடிவமும் உளுந்துப் பூரணத்துக்குப் பிறை வடிவமும் பிடித்து வைப்பதால், கடிக்கும் முன்பே எது எதுவென்று குழந்தைக்கும் தெரிந்துவிடுகிறது. பழக்கமில்லாத உணவகத்தின் மேசையில் அந்த அடையாளங்கள் நமக்குத் தெரியாது. ஆகவே கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். குடும்பத்தோடு முதன்முறை போகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். குறிப்பிட்ட எந்த உணவகத்தையும் மனத்தில் வைத்து இதை எழுதவில்லை.

மந்து என்பது என்ன? மோமோவுக்குத்தான் கொரியாவில் இந்தப் பெயரா?

இரண்டும் உறவு முறைதான், ஆனால் ஒன்றல்ல. மாவை மெல்லிய வட்டமாகத் தேய்த்து, நடுவில் பூரணம் வைத்து, மூடி, வேக வைக்கும் பழக்கம் ஆசியா முழுவதும் பரவியிருக்கிறது. கொரியாவில் அதற்கு மந்து என்று பெயர். கொரியர்கள் அந்தச் சொல்லின் நடுவெழுத்தை நாக்கு நுனி மேற்பல்லை ஒட்டும்படி உச்சரிப்பதால் ‘மந்து’ என்று எழுதுவதே ஒலிக்குப் பொருந்துகிறது. ‘மண்டு’ என்று எழுதும்போது தமிழில் அது அறிவற்றவரைக் குறிக்கும் சொல்லாகிவிடுகிறது. விளம்பரப் பலகைகளில் அப்படிக் காணும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

வேறுபாடு பூரணத்தில் இருக்கிறது. மோமோவில் பெரும்பாலும் வெங்காயம், இஞ்சி, பூண்டோடு இறைச்சியோ முட்டைக்கோசோ இருக்கும். சுவையின் பாதியைக் காரச் சட்னி தருகிறது. மந்துவின் பூரணத்தில் நீர் பிழிந்த டோஃபு என்னும் சோயாப் பன்னீர், முளைகட்டிய பயறு, பூண்டு மணம் வீசும் தட்டைத் தாள்போன்ற ஒரு கீரை, சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாவில் செய்த கண்ணாடி போன்ற சேமியா, பெரும்பாலும் பன்றி இறைச்சி, நல்லெண்ணெயைவிட மணம் மிகுந்த வறுத்த எள்ளின் எண்ணெய் ஆகியவை சேரும். சேமியா வெறும் அளவு கூட்டுவதற்காகச் சேர்க்கப்படுவதல்ல. வேகும்போது இறைச்சியும் காயும் விடும் சாற்றை அது குடித்துக்கொள்வதால்தான் கடித்தவுடன் பூரணம் வறண்டிருக்காமல் ஈரமாக இருக்கிறது. பிறை வடிவத்தில் மூடிய பிறகு இரு முனைகளையும் இழுத்து ஒட்டித் தொப்பிபோல் ஆக்குவதும் கொரியாவில் பரவலாகக் காணப்படும் வழக்கம்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இந்த வகை உணவு முற்றிலும் புதிதன்று. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் சைகோனில் வேலை பார்த்துத் திரும்பிய குடும்பங்கள் அரிசித் தாளில் பூரணம் சுருட்டிப் பொரிக்கும் வியட்நாமிய முறையை இங்கே கொண்டுவந்தன. அந்தச் சுருளைச் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு மந்துவின் சேமியாப் பூரணம் உடனே பிடிபட்டுவிடுகிறது.

பட்டியலில் இருக்கும் பெயர்களை எப்படிப் புரிந்துகொள்வது?

பெயரின் முன்பகுதி வேக வைத்த விதத்தையோ பூரணத்தையோ சொல்லும். ஜின்மந்து என்றால் ஆவியில் வெந்தது, குன்மந்து என்றால் எண்ணெயில் முறுக வைத்தது, முல்மந்து என்றால் கொதிநீரில் வேக வைத்த சிறியது. மந்துக்குக் என்பது மந்து போட்ட சூப். வாங்மந்து என்றால் ‘அரச மந்து’ என்று பொருள்படும். கைப்பிடி அளவுக்குப் பெரிதாக இருக்கும், பல கடைகளில் அதன் மேல்மாவு புளிக்க வைத்துப் பன் போல உப்பியிருக்கும். கோகி என்பது இறைச்சி, செயு என்பது இறால், கிம்ச்சி என்பது காரமாகப் புளிக்க வைத்த முட்டைக்கோசு வகை.

முதன்முறை போகிறவர்கள் ஆவியில் வெந்ததை முதலில் கேளுங்கள் என்பது என் கருத்து. ஒரு கடையின் மாவு எப்படிப்பட்டது, பூரணம் அன்றைக்குச் செய்ததா என்பதை ஆவியில் வெந்த மந்து மறைக்காமல் சொல்லிவிடும். நல்ல மேல்மாவில் பூரணத்தின் நிறம் லேசாகத் தெரியும். எடுத்தால் கிழியாது, கடித்தால் பல்லில் ஒட்டாது. குன்மந்துவைச் சரியாகச் செய்யும் கடையில் தட்டையான சட்டியில் அடிப்பக்கத்தை எண்ணெயில் பொன்னிறமாக்கி, பிறகு சிறிது நீர் ஊற்றி மூடி வைத்து, அந்த நீர் வற்றும்வரை விடுவார்கள்; அடி முறுகலாகவும் மேல்பக்கம் மிருதுவாகவும் வரும். முழுதாக எண்ணெயில் மூழ்கடித்துப் பொரிப்பதும் கொரியாவில் உண்டு. எது வரும் என்பதைக் கேட்டுக்கொள்வது நல்லது, ஏனெனில் இரண்டும் வெவ்வேறு சுவை.

நாங்கள் சைவம். பட்டியலில் பச்சைப் புள்ளி போட்டிருக்கும் மந்துவை நம்பிச் சாப்பிடலாமா?

பூரணத்தைப் பொறுத்தவரை பெரும்பாலும் நம்பலாம், தட்டில் வரும் மற்றவற்றையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் தாயார் கடலூர் துறைமுகத்துக்கு அருகில் வளர்ந்தவர். வடலூர் வள்ளலார் நெறியைப் பின்பற்றும் குடும்பம் என்பதால் பிறந்தது முதல் புலால் உண்டதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் சென்னையில் ஓர் உணவகத்தில் ‘காய்கறி மந்து சூப்’ என்று எழுதியிருந்ததை நம்பி அவருக்கு வாங்கிக் கொடுத்தேன். கரண்டியை வாய்க்கு அருகில் கொண்டுபோனவர், “இதில் நெத்திலிக் கருவாடு வாசம் வருகிறது” என்று சொல்லிக் கீழே வைத்துவிட்டார். பரிமாறியவர் சமையலறைக்குப் போய்க் கேட்டு வந்து, மந்துவுக்குள் இருப்பது காய்கறிதான், சூப்புத் தண்ணீர் மட்டும் வழக்கமான நெத்திலித் தண்ணீர் என்றார். அவர்கள் ஏமாற்ற நினைக்கவில்லை. சூப்பை ஒரு பொருளாகவே அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அறுபது ஆண்டுகள் காத்த நோன்பு அந்த மேசையில் ஒரு கரண்டி தூரத்தில் இருந்தது. அதை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

கொரியச் சமையலில் தலையும் குடலும் நீக்கிய உலர்ந்த நெத்திலியையும் கடற்பாசியையும் கொதிக்க வைத்து எடுக்கும் நீர், நம் வீட்டில் பருப்புத் தண்ணீர் இருப்பதுபோல் அடிப்படையான ஒன்று. சூப்பில் மட்டுமல்லாமல் தொக்பொக்கி என்னும் அரிசி மாவுத் துண்டுக் குழம்பிலும் அதைச் சேர்ப்பார்கள். அந்தக் குழம்பில் மீன் விழுதில் செய்த தட்டையான துண்டுகளும் கிடக்கும். சில இடங்களில் மாட்டெலும்பைப் பல மணி நேரம் கொதிக்க வைத்த நீரை மந்து சூப்புக்குப் பயன்படுத்துகிறார்கள்.

அடுத்தது கிம்ச்சி. பார்வைக்கு அது முட்டைக்கோசு ஊறுகாய். ஆனால் வழக்கமான செய்முறையில் புளிக்க வைத்த மீன் சாறோ, உப்பிட்ட சிறு இறாலோ, இரண்டுமோ சேர்க்கப்படுகின்றன. எனவே ‘கிம்ச்சி மந்து’ என்ற பெயரில் இறைச்சி இல்லாவிட்டாலும் அது சைவம் ஆகிவிடாது. இலவசமாக வரும் தொட்டுக்கையிலும் இதே சிக்கல் உண்டு. இந்தியாவில் சைவர்களுக்காக மீன் சேர்க்காமல் கிம்ச்சி போடும் கடைகள் இருக்கின்றன, கேட்டால் சொல்வார்கள்.

ஆகவே “இது வெஜ்ஜா?” என்று மட்டும் கேட்டால் போதாது. மேல்மாவில் முட்டை உண்டா, கிம்ச்சியில் மீன் சாறு உண்டா, சூப்பு எந்த நீரில் செய்தது, இறைச்சி மந்து வெந்த அதே தட்டிலும் எண்ணெயிலும்தான் இதுவும் வேகிறதா என்று தனித்தனியாகக் கேளுங்கள். அடுக்கு ஆவிப் பாத்திரத்தில் மேல் தட்டில் இறைச்சி மந்து இருந்தால் அதன் சாறு கீழ்த் தட்டில் சொட்டும். காய்கறி மந்துவை மேல் தட்டில் வைக்கும்படியோ தனியாக வேக வைக்கும்படியோ கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கூட்டம் இல்லாத நேரத்தில் கேட்டால் பெரும்பாலான கடைகள் முகம் கோணாமல் செய்து தருவார்கள்.

வெங்காயமும் பூண்டும் தவிர்ப்பவர்களுக்கு இந்த வகை உணவகம் ஏற்றதல்ல என்பதை நேராகச் சொல்லிவிடுகிறேன். கொரிய பௌத்த மடங்களில் பூண்டு, வெங்காய வகைகளை அறவே விலக்கிய செழுமையான சைவச் சமையல் மரபு இருக்கிறது. ஆனால் நகரத்தில் நாம் பார்க்கும் சாதாரண மந்துக் கடை அந்த மரபைச் சேர்ந்ததல்ல. அங்கே பூண்டில்லாத பூரணத்தைத் தேடுவது வீண் அலைச்சல்.

பன்றி, மாட்டிறைச்சி சாப்பிடாத அசைவர்கள் என்ன கேட்க வேண்டும்?

இந்தியாவில் உள்ள கொரிய உணவகங்கள் கோழி மந்துவும் வைத்திருப்பது வழக்கம். ஆனால் ‘இறைச்சி மந்து’ என்று பொதுவாக எழுதியிருந்தால் அது பன்றி என்றே வைத்துக்கொண்டு கேளுங்கள், ஏனெனில் இன்றைய வழக்கமான மந்துவில் முதலிடம் பன்றிக்குத்தான், சில வேளைகளில் மாட்டிறைச்சியும் கலக்கும். கோழி மந்துவானாலும் அதன் சூப்பு மாட்டெலும்பு நீராக இருக்கலாம். இசுலாமியக் குடும்பங்கள் ஹலால் இறைச்சியா என்பதோடு, பூரணத்தைப் பதப்படுத்த அரிசி மது சேர்க்கிறார்களா என்பதையும் கேட்டுவிடுவது நல்லது.

ஒவ்வாமை உள்ளவர்களுக்கு?

மேல்மாவு கோதுமை, தொட்டுக்கொள்ளும் சோயா சாஸிலும் பெரும்பாலும் கோதுமை உண்டு. டோஃபுவிலும் கொச்சுஜாங் என்னும் சிவந்த மிளகாய் விழுதிலும் சோயா உண்டு. எள் இல்லாத தட்டே கிடைக்காது. கூடவே வரும் பொரிச்சா என்னும் தேநீர் போன்ற பானம் வறுத்த பார்லியில் செய்தது என்பதால் கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் என்னும் புரதம் ஒவ்வாதவர்கள் அதையும் தவிர்க்க வேண்டும். இறால் ஒவ்வாமை உயிரையே அச்சுறுத்தும் அளவுக்கு இருப்பவர்கள் கிம்ச்சியைத் தொடவே வேண்டாம்.

காரம் எப்படி இருக்கும்? குழந்தைகள் சாப்பிடுவார்களா?

சிவப்பு நிறம் பயமுறுத்தும், ஆனால் நாக்கு பயப்பட வேண்டியதில்லை. கொரிய மிளகாய்த் தூள் நம் குண்டூர் மிளகாயைவிடக் காரம் குறைந்தது, சற்று இனிப்பும் புகை மணமும் கொண்டது. கொச்சுஜாங்கில் மிளகாயோடு பசை அரிசியும் புளித்த சோயாவும் சேர்வதால் காரத்துக்கு முன் இனிப்பு தெரியும். மீன் குழம்பு சாப்பிட்டுப் பழகிய நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆவியில் வெந்த மந்து சப்பென்றுகூட இருக்கலாம். தீ, கோழி என்ற இரு சொற்கள் சேர்ந்த பெயர் கொண்ட, கடும் காரமான புல்தக் வகைகள் மட்டும் விதிவிலக்கு. அவற்றைச் சிறுவர்களுக்குக் கொடுக்க வேண்டாம்.

சிறுவர்கள் விஷயத்தில் காரத்தைவிடச் சூடுதான் கவலை தர வேண்டியது. மந்துவின் மேல்மாவு ஆறிய பிறகும் உள்ளே சாறு கொதிக்கும். முழுதாக வாயில் போடாமல், ஓரத்தில் சிறிது கடித்தோ கிள்ளியோ ஆவியை வெளியே விட்டு, பிறகு சாப்பிடக் கற்றுக்கொடுங்கள். பெரியவர்களுக்கும் இதேதான் முறை.

தொட்டுக்கொள்ள என்ன? கேட்காமல் வரும் சிறு கிண்ணங்களுக்குப் பணம் உண்டா?

சோயா சாஸில் வினிகர் கலந்து, மேலே கொஞ்சம் மிளகாய்த் தூளோ எள்ளோ தூவியது தொட்டுக்கை. மந்துவின் முனையை மட்டும் நனையுங்கள்; முழுக்கினால் உப்பு ஏறிப் பூரணத்தின் சுவை அழிந்துவிடும்.

சிறு கிண்ணங்களில் வருபவை பன்ச்சான். கிம்ச்சி, மஞ்சள் நிறத்தில் இனிப்பும் புளிப்புமாக ஊறிய முள்ளங்கி, சில நாட்களில் பயறு முளை. நம் இலையில் பொரியலும் ஊறுகாயும் கேட்காமலே வருவதுபோலக் கொரியாவில் இவை உணவின் பகுதியாகவே வரும், தீர்ந்தால் மறுபடி கேட்கலாம். இந்தியாவில் சில கடைகள் இரண்டாம் முறைக்குக் கட்டணம் வாங்குகின்றன, கேட்டுக்கொண்டு வாங்குங்கள். எண்ணெயில் முறுகிய மந்துவுக்குப் பின் ஒரு துண்டு மஞ்சள் முள்ளங்கி சாப்பிட்டால் நாக்கு சுத்தமாகிவிடும், அதற்காகவே அது வைக்கப்படுகிறது.

குளிர்காலத்துக்கு முன் குடும்பமும் அக்கம்பக்கமும் கூடிக் கிம்ச்சி போடும் கொரிய வழக்கத்தை யுனெஸ்கோ 2013ஆம் ஆண்டு மானுடத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. சித்திரை வெயிலில் தெருப் பெண்கள் சேர்ந்து வடகம் பிழிந்த காலத்தைப் பார்த்தவர்களுக்கு அது ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

சாப்ஸ்டிக் குச்சி பிடிக்கத் தெரியாது. கையால் சாப்பிட்டால் தவறா?

தவறே இல்லை. பெரிய வாங்மந்துவைக் கொரியர்களும் கையால் பிய்த்துச் சாப்பிடுவார்கள். முள்கரண்டி கேட்டால் தருவார்கள். கொரிய மேசையில் சோறும் சூப்பும் சாப்பிட நீண்ட கரண்டிதான் பயன்படுகிறது, உலோகக் குச்சி மற்றவற்றுக்கு. ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள்: சோற்றில் குச்சியைச் செங்குத்தாகக் குத்தி நிறுத்தக் கூடாது, அது இறந்தோருக்குப் படைக்கும் படையலை நினைவூட்டும். மேசையில் மூத்தவர் கரண்டியை எடுத்த பிறகே இளையவர்கள் தொடங்குவது அவர்கள் மரியாதை. பெரியவருக்கு எதையும் இரு கைகளால் கொடுப்பதும் அப்படியே. நம் பிள்ளைகளுக்கு இதை யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்காது.

பரிமாறுபவரை அழைக்கக் கொரியாவில் ‘யோகியோ’ என்பார்கள். ‘இங்கே பாருங்கள்’ என்ற அளவில் பொருள். சிறு கடைகளில் வயதான பெண்மணியை ‘இமோ’ என்று, அதாவது தாயின் சகோதரி முறை வைத்து அழைப்பதும் உண்டு. புதுச்சேரியில் பரிமாறுபவர் பெரும்பாலும் நம் ஊர்க்காரராகவோ வடகிழக்கு மாநிலத்தவராகவோ இருப்பார். அண்ணா, அக்கா, தம்பி என்று அழைத்தால் போதும்.

நான்கு பேர் போனால் எவ்வளவு சொல்ல வேண்டும்?

ஒரு தட்டில் எத்தனை வரும் என்பதைப் பட்டியலில் பார்த்துவிட்டு, முதலில் இரண்டு தட்டு மட்டும் சொல்லுங்கள்: ஒன்று ஆவியில் வெந்தது, ஒன்று முறுகியது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சொல்லிவிட்டால் கடைசித் தட்டுக்கு நீங்கள் வருவதற்குள் மேல்மாவு உலர்ந்து ஒட்டத் தொடங்கிவிடும். மந்து காத்திருக்கும் உணவல்ல. சூப்பையோ, கடற்பாசித் தாளில் சோற்றைச் சுருட்டிய கிம்பாப்பையோ பிறகு பகிர்ந்துகொள்ளச் சொல்லலாம். கிம்பாப்பில் முட்டையும் நண்டுச் சுவையூட்டிய மீன் குச்சியும் இருக்கக்கூடும் என்பதைச் சைவர்கள் கவனிக்க வேண்டும்.

எந்த நேரம் போவது நல்லது?

வார நாள் மாலை. சனி, ஞாயிறுகளில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருவோரால் கடற்கரைப் பகுதி நிரம்பிவிடும். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் சந்தை வேறு இருக்கும். கடற்கரைச் சாலையில் மாலை முதல் வாகனங்களுக்கு அனுமதி இல்லை என்பதால் வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு நடக்க வேண்டும்.

பில்லில் எதைப் பார்க்க வேண்டும்?

சாதாரண உணவகத்தில் ஜிஎஸ்டி 5 சதவீதம், இரு பாதியாகப் பிரித்துக் காட்டப்பட்டிருக்கும். ‘சேவைக் கட்டணம்’ என்று ஒரு வரி இருந்தால் அது வரி அல்ல, கட்டாயமும் அல்ல. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில், எந்த உணவகமும் சேவைக் கட்டணத்தைத் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நீக்கச் சொல்லியும் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அன்பாகக் கவனித்துக்கொண்ட பணியாளருக்கு நீங்கள் கையில் கொடுப்பது வேறு. அதைத் தாராளமாகக் கொடுங்கள்.

வீட்டுக்கு வாங்கிப் போகலாமா?

ஆவியில் வெந்ததை வாங்கலாம், முறுகியதை வேண்டாம். நம் கடற்காற்றின் ஈரமும் டப்பாவுக்குள் அடைபட்ட ஆவியும் சேர்ந்து கால் மணி நேரத்தில் முறுகலைத் தோல்போல ஆக்கிவிடும். சாஸைத் தனியாகக் கட்டித் தரச் சொல்லுங்கள். வீட்டில் சூடாக்க இட்லிப் பாத்திரமே சிறந்த கருவி: தட்டில் ஈரத் துணி விரித்து, ஒன்றோடொன்று தொடாமல் அடுக்கி, சில நிமிடம் ஆவி காட்டினால் போதும். மீந்ததை மறுநாள் தோசைக்கல்லில் சிறிது எண்ணெய் விட்டு அடிப்பக்கம் மட்டும் முறுக விட்டால், புதிதாக ஒரு குன்மந்து கிடைக்கும். இரவு முழுவதும் வெளியில் வைத்த இறைச்சி மந்துவை மட்டும் எக்காரணம் கொண்டும் சூடாக்கிச் சாப்பிட வேண்டாம்.

கொழுக்கட்டைக்கு உண்மையிலேயே நெருங்கிய பண்டம் கொரியாவில் உண்டா?

உண்டு, ஆனால் அது மந்து அல்ல. சொங்பியோன் என்று பெயர். எட்டாம் சந்திர மாதப் பௌர்ணமியில் வரும் சூசொக் அறுவடைத் திருநாளுக்காகக் குடும்பமே உட்கார்ந்து அரிசி மாவைப் பிசைந்து, உள்ளே எள்ளும் இனிப்பும், அல்லது பயறும் பருப்பும் வைத்து, பிறையாக மூடி, பைன் மரத்தின் ஊசியிலைகளைப் பரப்பி அதன்மேல் ஆவியில் வேக வைப்பார்கள். இலையின் மணம் மாவில் இறங்கும், நாம் பூவரச இலையில் வைத்து அவிக்கும்போது இறங்குவது போல. மந்துக் கடைகளில் இது வழக்கமாகக் கிடைக்காது. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் போகும்போது ஒருமுறை கேட்டுப் பாருங்கள். சில ஆண்டுகளில் பிள்ளையார் சதுர்த்திக்குச் சில வாரங்களிலேயே அந்தத் திருநாளும் வந்துவிடும்.